தப்பும் பொட்டலும்: மலையகக் கலை மரபும் அடையாளத்தின் பொருளியல் அடித்தளமும்

1

ஒரு சமூகம் தனது கலை மரபினை எப்பொழுது ‘மரபு’ எனப் பெயரிட்டு அழைக்கத் தொடங்குகின்றது என்பது ஆராயத்தக்க வினாவாகும். மாசி மாதத்துக் குளிரில் லயத்து முற்றத்திலே காமன் கூத்தாடிய தொழிலாளி, தான் பண்பாட்டைப் பேணுவதாக எண்ணி ஆடினானல்லன். நேர்த்திக்காகவும், கூடி மகிழ்வதற்காகவும், ஆடாதுவிடின் தீங்கு நேருமென்ற அச்சத்தினாலும் அவன் ஆடினான். அக்கூத்து பண்பாட்டுச் சின்னமாக நோக்கப்படுவதற்கு அதிலிருந்து ஓரளவு விலகி நிற்கும் ஒரு பிரிவினர் தோன்றவேண்டியிருந்தது. தோட்டப் பாடசாலைகளின் ஊடாகக் கல்வி பெற்று ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் தொழிற்சங்க அலுவலராகவும் உயர்ந்த மத்தியதர வர்க்கமே அப்பிரிவினராகும். 1911ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பு முதலாக ‘இந்தியத் தமிழர்’ என வகைப்படுத்தப்பட்ட மக்கள் தம்மை ‘மலையகத் தமிழர்’ எனப் பெயரிட்டுக்கொண்டமையும், காமன் கூத்தும் தப்பும் கும்மியும் அப்பெயருக்குச் சான்றுகளாக முன்வைக்கப்பட்டமையும் இவ்வர்க்கத்தின் எழுச்சியோடு இணைந்தவையாம்.

1823ஆம் ஆண்டில் கம்பளைக்கு அண்மையிலுள்ள சின்னப்பிட்டியில் தொடங்கிய கோப்பிச் செய்கையைத் தொடக்கமாகக் கொண்டு, 2023ஆம் ஆண்டில் மலையக மக்களின் இருநூறாண்டு நினைவுகூரப்பட்டது. அவ்வாண்டிலே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மேற்கொள்ளப்பட்ட நடைபயணம், முன்னோர் நடந்து வந்த வழியை நினைவூட்டியதோடு காணியுரிமை, வீட்டுரிமை, நியாயமான ஊதியம் ஆகிய கோரிக்கைகளையும் முன்வைத்தது. பண்பாட்டு நினைவும் பொருளியற் கோரிக்கையும் ஒரே வழியிற் சென்ற நிகழ்வு அது. ஆயின் கலையாக்கங்களில் இவ்விரண்டும் எப்பொழுதும் ஒன்றாகச் செல்வதில்லை. எங்கே அவை இணைகின்றன, எங்கே பிரிகின்றன என்பதைக் காமன் கூத்து, தப்பு, இன்றைய கட்புலக்கலை ஆகிய மூன்றினூடாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

காமன் கூத்தின் கதை எளிது. தவத்திலிருந்த சிவனின் மீது மன்மதன் மலர்க்கணை தொடுக்கின்றான். நெற்றிக்கண்ணால் எரிக்கப்படுகின்றான். இரதி புலம்பி வேண்ட அவன் உயிர்பெறுகின்றான். மாசி மாதத்து அமாவாசையை அடுத்துப் பிறை தோன்றுங் காலத்தில் கம்பம் நாட்டிக் காப்புக் கட்டுவதோடு தொடங்குங் கூத்து, ஏறத்தாழ இரண்டு வாரங்கள் இரவுதோறும் நிகழ்ந்து, தகனத்தோடு உச்சம் பெற்று, உயிர்ப்பித்தலோடு நிறைவுறும். தூதன், வீரபத்திரன், யமன் முதலிய பாத்திரங்கள் இடையிடையே தோன்றும். வேடம் புனைவோர் விரதங் காப்பர். இரதி, மதன் வேடங்கள் லயம் லயமாகச் செல்ல, ஒவ்வொரு வீட்டாரும் வரவேற்பர். கூத்து நிகழும் இடம் ‘காமன் பொட்டல்’ எனப்படும்.

தமிழகத்தின் சமவெளி மாவட்டங்களிலே இவ்விழா நிகழுங் காலத்துக்கு ஒரு பொருளியற் காரணமுண்டு. தையில் சம்பா அறுவடை முடிந்து, களத்து நெல் வீடு சேர்ந்து, அடுத்த உழவுக்கு முன் உழைப்பு ஓய்வுகொள்ளும் இடைவெளியே மாசியாகும். செழிப்புச் சடங்கின் கூறுகள் காமன் கதையிற் படிந்திருப்பது வேளாண்மை ஆண்டின் இவ்வொழுங்கோடு பொருந்துவதே. தேயிலைக்கோ அறுவடை முடிவு என்றொன்றில்லை. ஒரு மலையில் கொழுந்து பறித்து ஏறத்தாழ ஒரு வாரத்தில் மீண்டும் அதே மலைக்கு வரவேண்டும். ஆண்டு முழுவதும் இச்சுற்று ஓய்வதில்லை. ஹற்றன், திம்புள்ளப் பகுதிகளில் ஆண்டின் முதல் மாதங்கள் வறட்சியானவை, கொழுந்து குறைவு, பெருவரவு சித்திரையை ஒட்டியே வரும். எனவே மாசி சற்றுத் தளர்ந்த காலமேயன்றி ஓய்வுக்காலமன்று. விடியற்காலையிற் பிரட்டுக்குச் செல்லவேண்டிய தொழிலாளி, தூக்கத்துக்குரிய இரவிலிருந்து பிடுங்கியெடுத்த நேரத்திலேயே கூத்தாடினான்.

இவ்வேறுபாடு கூத்தின் பொருளையே மாற்றிவிட்டது. வேளாண் சமூகத்தில் அறுவடையின் நிறைவைக் கொண்டாடிய சடங்கு, பெருந்தோட்டத்தில் உழைப்புச் சக்தியை விற்றவன் தனக்கென்று மீட்டுக்கொண்ட நேரத்தின் வடிவமாயிற்று. காமன் பொட்டலில் துரையின் கட்டளை செல்வதில்லை. கங்காணியின் அதிகாரம் முற்றாக நீங்காவிடினும், அங்கு அவனும் நேர்த்திக்கு உட்பட்டவனே. கூத்தைப் பழக்கும் மாஸ்டர், மலையில் மற்றெல்லாரையும் போலப் பேருக்கு வேலை செய்பவர். ஆயின் அவ்விரவுகளில் தோட்டத்தின் அதிகார ஏணி சற்றே மாறிப் போகின்றது.

இரதியின் புலம்பலைக் கேட்டோரின் வாழ்வும் கருதத்தக்கது. அவர்தம் முன்னோரிற் பலர் மன்னாரிலிருந்து மாத்தளை வரையான காட்டு வழியிலே நோய்க்கும் பசிக்கும் பலியாயினர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கிற்று. 1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் எழுதப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் உரியோர் எனக் கணக்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை இரு அரசுகளும் 1974இல் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. ஒரே லயத்தின் அடுத்தடுத்த காம்பராக்களில் வாழ்ந்தோர் இரு நாட்டினராயினர். எரிந்த கணவனை உடலோடு திருப்பித் தருமாறு வேண்டும் ஒரு பெண்ணின் குரல், இத்தகைய கேட்போர் நடுவே புராணக் குரலாக மட்டும் ஒலித்திருக்கவியலாது. சடங்கின் சொற்கள் பெரும்பாலும் பழையனவாகவே இருக்க, அவற்றைக் கேட்ட காதுகள் புதியனவாயின. மரபின் தொடர்ச்சி என்று நாம் கூறுவது பல வேளைகளில் இதனையே.

3

இத்தகைய கூத்து பல்கலைக்கழகப் பண்பாட்டு மறுமலர்ச்சியில் எவ்விடத்தைப் பெற்றது? 1956இல் சரச்சந்திரவின் ‘மனமே’ அரங்கேறியது. அதனையடுத்து 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் கூத்தினைச் சுருக்கிச் செம்மைப்படுத்தி நவீன மேடைக்குக் கொணர்ந்தார். ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ ஆகியன இம்முயற்சியின் விளைவுகள். ஈழத்துத் தமிழரின் தேசிய நாடக வடிவம் எதுவென்ற தேடலில் அவை பெற்ற இடம் மறுக்கவொண்ணாதது. ஆயினும் அவ்வியக்கம் மட்டக்களப்பு, மன்னார், யாழ்ப்பாணம் ஆகிய பகுதிகளின் கூத்துக்களையே பெரிதும் நாடிற்று. பேராதனை வளாகத்துக்கு மேலே எழும் ஹந்தானை மலைச்சரிவிலேயே தேயிலைத் தோட்டங்களும் லயங்களும் இருந்தன. அங்கு ஆடப்பட்ட கூத்து அன்றைய தேசியப் பண்பாட்டுத் தேடலில் ஒத்த கவனத்தைப் பெறவில்லை.

இதனைத் தனிமனிதரின் குறையாகக் கொள்ளுதல் தவறு. குடியுரிமையற்ற மக்களின் கலை, தேசியக் கலையாக எண்ணப்படுவதற்கு வேண்டிய அரசியல் நிபந்தனை அக்காலத்தில் இருக்கவில்லை. நாட்டுக்கு உரியவர் யார் என்று சட்டம் வகுத்த எல்லை, நாட்டுக்குரிய கலை எதுவென்ற உணர்விலும் படிந்திருந்தது. மேற்கட்டுமானத்தின் மீது அடித்தளத்தின் தாக்கம் எத்துணை நுண்மையாகச் செயற்படும் என்பதற்கு இஃதொரு சான்று.

எனவே மலையகக் கலைமரபைத் தொகுக்கும் பணி பெரிதும் மலையகத்துக்குள்ளிருந்தே எழுந்தது. அதற்கும் முன்னோடிகள் உளர். கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தோட்ட மக்கள் கூடிய மேடைகளிற் பாடி, தம் பாடல்களை 1940இல் நூலாக வெளியிட்டார். அவ்வாண்டு சனவரியிலேதான் முல்லோயாவில் தொழிலாளி கோவிந்தன் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். மக்கள் அறிந்த மெட்டில் மக்கள் அறியவேண்டிய அரசியலை வைத்த மீனாட்சியம்மாளின் முறை, மரபைக் காட்சிப்பொருளாக்காது கருவியாக்கிய முறையாகும். சி.வி. வேலுப்பிள்ளை தொழிற்சங்கப் பணியினூடே தோட்டந்தோட்டமாகச் சென்று வாய்மொழிப் பாடல்களைத் திரட்டினார். அவரது ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ 1983இல் வெளிவந்தது. சாரல்நாடனின் ‘மலையக வாய்மொழி இலக்கியம்’, மாத்தளை வடிவேலனின் ‘மலையகப் பாரம்பரியக் கலைகள்’ ஆகிய நூல்கள் இத்தடத்திற் சென்றன. அந்தனி ஜீவா 1980களில் வீதிநாடகத்தைத் தோட்ட மக்களிடையே கொண்டுசென்றார். இவர்கள் யாவரும் கலைஞராகவோ தொகுப்பாளராகவோ மட்டும் நிற்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

4

மலையக அடையாளத்தின் ஒலிவடிவமாக இன்று பெரிதும் ஏற்கப்பட்டிருப்பது தப்பு. மேடை நிகழ்ச்சிகளின் தொடக்கத்திலும், விழாக்களிலும், உரிமைப் போராட்டங்களிலும் அது முழங்குகின்றது. இக்கருவியின் வரலாறு ஒற்றைப் பொருளுடையதன்று.

தோட்டத்தில் தப்பு முதலாவதாக உழைப்பு ஒழுங்கின் கருவி. விடியலுக்கு முன் அடிக்கப்பட்ட பிரட்டுத் தப்பே தொழிலாளரை எழுப்பிப் பிரட்டுக்களத்துக்கு அழைத்தது. கடிகாரம் இல்லாத லயத்தில் முதலாளித்துவத்தின் நேரம் தோலொலியாக ஒலித்தது. சி.வி. 1952இல் ஆங்கிலத்தில் வெளியிட்டு, பின்னர் சக்தீ பால-ஐயாவினால் தமிழாக்கப்பட்ட நெடுங்கவிதை விடியலையும் முரசொலியையும் இணைத்தே தொடங்குகின்றது. அது தற்செயலானதன்று. இரண்டாவதாகத் தப்பு சாவின் கருவி. இறப்பை அறிவிப்பதும் பிணத்தின் முன் செல்வதும் அதன் கடமை. மூன்றாவதாகத் திருவிழாவிலும் காமன் பொட்டலிலும் அது கூத்தின் உயிர். இம்மூன்று கடமைகளையும் ஒரே மனிதன் ஆற்றினான். அவன் பிறப்பினால் அதற்கு விதிக்கப்பட்டவன்.

மலையகத்துப் பண்பாட்டு எழுத்துக்கள் பல விரைந்து கடந்துசெல்லும் இடம் இதுவே. பெருந்தோட்டம் சாதியை அழிக்கவில்லை, தனக்கேற்ப அமைத்துக்கொண்டது. தொழிலாளரைத் திரட்டிய பெரிய கங்காணி பெரும்பாலும் மேற்சாதியினர். லயங்களும் சாதிக்கேற்பப் பிரிக்கப்பட்டன. ஆர். ஜெயராமன் 1975இல் வெளியிட்ட ஆய்வு, கடல்கடந்து வந்தும் சாதி எவ்வாறு தொடர்ந்தது என்பதை விரிவாகக் காட்டிற்று. மலையிற் கூலியுழைப்பில் எல்லாரும் ஒரே பிரட்டில் நின்றமையினால் தீண்டாமையின் பல கடுமைகள் தளர்ந்தன என்பது உண்மை. ஆயின் சாவு வீட்டுத் தப்புக்கு யாரை அழைப்பது என்பதில் அத்தளர்ச்சி எளிதில் நுழையவில்லை.

தமிழகத்திலும் இத்தகைய மாற்றமொன்று நிகழ்ந்தது. இழிவின் அடையாளமாயிருந்த பறை, 1990களின் தலித் பண்பாட்டு எழுச்சியில் விடுதலையின் ஒலியாக மீட்கப்பட்டது. கே.ஏ. குணசேகரன் போன்ற கலைஞர் தம் பிறப்பை மறைக்காது, அதனையே கேள்வியாக்கி மேடையேறினர். திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையைக் கையிலெடுத்தனர். அங்கு பறையின் மீட்பு சாதியெதிர்ப்பின் ஒரு பகுதியாகவே நிகழ்ந்தது. மலையக மேடைகளிலோ தப்பு பல வேளைகளில் ‘மலையகத்தார் எல்லாருக்கும் பொதுவான’ சின்னமாகவே அறிமுகமாகின்றது. பொதுமையாக்குவதில் ஒரு முற்போக்கான கூறு உண்டு: இழிவெனக் கருதப்பட்டதை ஒரு சமூகம் முழுவதும் தன்னுடையதென ஏற்கின்றது. அதன் மறுபக்கம் மறைப்பாகும். மேடையில் அனைவரும் தப்படிக்கலாம்; சாவு வீட்டில் குறித்த குடும்பத்தாரே அடிக்கவேண்டுமெனின், பொதுமையாக்கப்பட்டது கருவியின் பெருமை மட்டுமே. சுமை பழைய தோள்களிலேயே இருக்கின்றது. இம்முரண்பாட்டைத் தன் வடிவத்துக்குள் கொண்டுவரும் ஆக்கமே தப்பினை உண்மையில் மீட்கும் எனலாம்.

5

கட்புலக்கலை வேறொரு வழியைத் திறந்துள்ளது. ஹற்றனிற் பிறந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை பயின்ற ஹனுஷா சோமசுந்தரம், தேநீர்க்கறை, பயன்படுத்திய தேநீர்ப் பொதி, வடிகட்டி ஆகியவற்றையே தமது படைப்பின் ஊடகமாகக் கொண்டவர். தோட்டத்து வாழ்வை ஓவியமாக்குவோர் பலர் பச்சை மலை, கூடை சுமந்த பெண், பனிமூட்டம் ஆகியவற்றையே தேர்வர். இக்காட்சி தேயிலைப் பெட்டிகளின் மீதும் உல்லாசப் பயண விளம்பரங்களிலும் ஏற்கனவே அச்சாகியுள்ளது. அதனைப் பரிவோடு வரைந்தாலும், பார்ப்பவனின் கண் விளம்பரத்தின் வழியாகவே அதைக் காணும்.

பண்டத்தின் புதிர்த்தன்மை பற்றி மார்க்ஸ் ‘மூலதனம்’ முதற்றொகுதியில் விளக்குவது இவ்விடத்திற் பயன்படும். சந்தையிற் பண்டங்களுக்கிடையேயான உறவாகத் தோன்றுவது உண்மையில் மனிதருக்கிடையேயான உறவே. தேநீர்க் கோப்பையை ஏந்துபவன் கொழுந்து பறித்த விரலைக் காண்பதில்லை. பெட்டியின் மீதுள்ள புன்னகைக்கும் பெண் அவ்விரலை மேலும் மறைக்கின்றாள். குடித்து முடித்து எறியப்பட்ட பொதியையே பரப்பாகக் கொள்ளும்பொழுது இம்மறைப்பு தலைகீழாகின்றது. பண்டம் நுகரப்பட்டுவிட்டது, அதன் பகட்டு போய்விட்டது, எஞ்சியிருப்பது கறை. அக்கறையில் உழைத்தவரின் உருவைத் தேடுவது, பண்டத்துக்குள் உறைந்த உழைப்பைத் திரும்ப வாசிப்பதாகும். இங்கு அடையாளம் ஆடையணிகளாலோ கூத்துவேடத்தாலோ காட்டப்படவில்லை. உற்பத்தி உறவிலேயே தேடப்படுகின்றது. இதனாலேயே இவ்வாக்கமுறை கருதத்தக்கதாகின்றது.

இதனோடு பெண்ணின் நிலையும் சேர்த்தெண்ணப்படவேண்டும். கொழுந்து பறிப்போரிற் பெரும்பான்மையினர் பெண்கள். எனினும் காமன் கூத்தில் இரதியின் வேடத்தை மரபாக ஆடவரே புனைந்தனர். தப்பும் ஆடவர் கையிலேயே இருந்தது. தாலாட்டும் ஒப்பாரியும் கொழுந்து மலைப் பாட்டும் பெண்ணுக்குரியனவாயின. உழைத்துக்கொண்டோ, குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டோ, அழுதுகொண்டோ பாடத்தக்க வடிவங்கள் அவை. இரவில் கூத்துக்கு வர ஆடவன் தூக்கத்தைத் துறந்தான் என்று முன்னர் கூறினோம். மலையால் வந்து சமைத்து, பிள்ளைகளை உறங்கவைக்கும் பெண்ணுக்குத் துறப்பதற்கு அந்த இரவும் முழுதாக இருக்கவில்லை. ஆகவே மலையகப் பெண்ணொருத்தி தன் பெயரோடு கலைஞராக நிற்பது மரபின் தொடர்ச்சியாக மாத்திரமன்றி மரபின் மீதான விமர்சனமாகவும் அமைகின்றது.

இவ்வழிக்கும் அதன் எல்லை உண்டு. காட்சிக்கூடம் பெரும்பாலும் கொழும்பிலோ வெளிநாட்டிலோ உள்ளது. பொதியிலிருந்து மீட்கப்பட்ட உழைப்பு, ஓவியமாகி மீண்டும் பண்டமாகக்கூடும். காமன் கூத்தின் பார்வையாளர் ஆடுவோரின் அயலவர். காட்சிக்கூடத்தின் பார்வையாளர் பெரும்பாலும் தேநீர் அருந்துவோர். இவ்விடைவெளி கலைஞரின் குற்றமன்று. ஆயினும் விமர்சனம் அதனைக் கணக்கிலெடுக்காமல் விடலாகாது.

6

மரபு யாரால், எவ்விடத்தில், எதற்காகக் காக்கப்படுகின்றது என்பதற்கு இரு அருங்காட்சியகங்கள் நல்ல ஒப்பீட்டைத் தருகின்றன. 2001இல் ஹந்தானையில், 1925இற் கட்டப்பட்ட பழைய தொழிற்சாலையில் தேயிலை அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அங்கு யந்திரங்களும், 1867இல் லூல்கந்துரையில் தேயிலைச் செய்கையைத் தொடக்கிய ஜேம்ஸ் ரெய்லரின் நினைவுப்பொருட்களும் காக்கப்படுகின்றன. 2007இல் கம்பளைப் பகுதியின் ஓல்ட் பீகொக் தோட்டத்தில், சமூக அபிவிருத்தி நிறுவகத்தின் முயற்சியால், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒரு பழைய லயத்திலேயே அமைந்தது. அங்கு காக்கப்படுவன தொழிலாளரின் கருவிகளும் வீட்டுப்பொருட்களும் ஆவணங்களும் கலைப்பொருட்களுமாம். முன்னதிலே தேயிலைக்கு வரலாறு உண்டு. பின்னதிலே தேயிலையை உண்டாக்கியோருக்கு வரலாறு உண்டு. இதற்கிடையே பழைய துரை பங்களாக்களும் தொழிற்சாலைகளும் உல்லாச விடுதிகளாகின்றன. நுவரெலியாவுக்கு அண்மையில் கந்தப்பளையிலுள்ள ஹெதர்செட் தொழிற்சாலை 1990களில் விடுதியாயிற்று. ‘பாரம்பரியம்’ என்ற சொல் அங்கும் வழங்குகின்றது. ஒரே மலையில் ஒரே சொல் இரு வர்க்கங்களுக்கு இரு பொருள் தருகின்றது.

தமிழகத்தின் தஞ்சை வட்டாரத்தில் காமன் கதையையொட்டி எரிந்த கட்சி, எரியாத கட்சி என இரு பிரிவாக நின்று லாவணி பாடுவர். மன்மதன் உண்மையில் எரிந்தானா, இல்லையா என்பது வாதம். மலையகக் கலை மரபு பற்றிய இன்றைய வாதமும் இத்தகையதே. மரபு அழிந்துவிட்டது என்பார் ஒருசாரார். மேடைதோறும் வாழ்கின்றதே என்பார் மறுசாரார். கதையின் விடை இரண்டுக்கும் நடுவிலுள்ளது: உயிர்பெற்ற மன்மதன் உடலற்றவன், அனங்கன். அரைமணி நேரத்துக்குச் சுருங்கி, தகனமும் உயிர்ப்பும் அடுத்தடுத்து நிகழ, நகர மண்டபத்தில் ஆடப்படும் காமன் கூத்தும் ஒருவகையில் அனங்கனே. உயிர் உண்டு, அதற்குரிய இரவுகளும் இடமும் அயலாரும் இல்லை.

மரபின் உடல் எதுவென்று கேட்டால், அதன் முதற்பகுதி நிலம் என்றே கூறவேண்டும். காமன் பொட்டல் மக்களுடையதன்று. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992இல் அவற்றின் முகாமைத்துவம் கம்பனிகளிடம் சென்றது. நிலம் நீண்டகாலக் குத்தகையாயிற்று. எந்த மாற்றத்திலும் லயமோ பொட்டலோ தொழிலாளருக்கு உரித்தாகவில்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கிற்று. ஏழு பேர்ச் காணித்துண்டுக்கு உறுதி வழங்கும் திட்டமும் வந்தது. ஆயின் மிகப்பல குடும்பங்கள் இன்றும் உறுதியற்ற லயத்திலேயே வாழ்கின்றன. கம்பம் நாட்டும் குழியளவு நிலமேனும் தமக்கென்றில்லாத மக்களிடம் மரபைப் பேணுங்கள் என்று கூறுவது பொருந்தாது.

இதிலிருந்து கலைஞர்க்கும் விமர்சகர்க்கும் சில கடமைகள் பிறக்கின்றன. மேடையாக்கத்தைத் தூய்மை கெட்டதென்று ஒதுக்குவது பழைமைவாதம். அதனைச் சின்னமாகப் போற்றி நிறுத்துவது மத்தியதர வர்க்கத்தின் மனநிறைவு. ஓர் ஆக்கம் தான் கையாளும் மரபின் உழைப்பையும், அதனைச் சுமந்தோரின் சாதியையும், அதிலிருந்து விலக்கப்பட்ட பெண்ணையும், அது நிகழ்ந்த நிலத்தின் உடைமையையும் வெளிப்படுத்துகின்றதா, மறைக்கின்றதா என்றே கேட்கவேண்டும். மீனாட்சியம்மாளின் பாடலும் தேநீர்க்கறையில் எழுந்த உருவமும் வடிவத்தால் மிக வேறுபட்டவை. ஆயின் இக்கேள்விக்கு முன் அவை ஒரே திசையில் நிற்கின்றன. தப்பும் அத்திசையில் ஒலிக்கவேண்டுமாயின், அதனை மேடையில் ஏற்றுவோர் சாவு வீட்டின் கட்டாயத்திலிருந்து அதனை விடுவிக்கும் போராட்டத்திலும் நிற்கவேண்டும். மலையக அடையாளம் ஒரு பெயராக முடிந்துவிடாமல் ஒரு வர்க்கத்தின் உரிமைக் குரலாக வளர்வதற்கான வழி அதுவேயாகும்.